கடேசி எட்டுக் கிலோமீட்டர்

கீழ கேட்டுகிட்ட நரைச்ச முடியக் கிராப் வெட்டிக்கிட்டு ஒரு அம்மா உங்ககிட்டப் பேசிட்டிருந்தாங்களே, பால்கனில இருந்து பாத்தனுங்க. அவங்கதான் ரெஜினாக்கா. என்ன சொன்னாங்க? எந்த வூடு பாக்க வந்தீங்கன்னு கேட்டாங்களா? அவ்வளவுதானா? என்னையப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?

சரி, உள்ள வந்து உக்காருங்க. எதிர் வூட்டுச் சாவிய எடுத்துட்டு வர்றேன்னு போன புரோக்கரு இப்பத்திக்கு வர மாட்டாரு. நீங்க இங்க குடி வந்தா எப்படியும் யாராச்சும் ஒருத்தர் வாயில இந்தக் கதையக் கேக்கத்தான் போறீங்க. என்ற வாயிலயே கேட்டுக்கோங்க. தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க.

என்ற பேரு சாரதாமணி. வூட்டுக்காரரு பேரு மோகனசுந்தரம். மில்லுல சூப்பர்வைசரா இருந்தாரு, ரிட்டையர் ஆகறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு. அதுலிருந்து வூட்லதான். பொண்ணு கல்யாணமாகி ஓசூர்ல இருக்கறா. இங்க நாங்க ரெண்டு பேருதான்.

அவரு மாதிரி ஒரு மனுசனப் பாக்க முடியாதுங்க. நான் பெருமைக்குச் சொல்லல. காய் வாங்கறது, பால் வாங்கறது, கரண்டு பில்லு, கேஸு, எல்லாம் அவருதான். நான் வெயில்ல ஒரு எட்டு வெச்சதில்ல. ரவிக்கை தைக்கக் குடுக்கணும்னாக்கூட டெய்லரம்மாவ வூட்டுக்கு வரச் சொல்லிருவாரு. கோயிலுக்குன்னா வண்டில கொண்டுபோய் விட்டு, வெளிய நின்னு, திரும்பக் கூட்டிட்டு வருவாரு. டவுன்பஸ்ல தனியாப் போயி எத்தன வருசமாச்சுன்னு ஒருநா நெனச்சுப் பாத்தனுங்க, நெனப்பே வரல. இந்தக் காலத்துல எந்தப் பொம்பளைக்குங்க இப்படி வாய்க்குது?

எனக்குச் சக்கரை எட்டிப் பாக்குது, நடங்கன்னு டாக்டர் சொன்னாரு. இவரும் கூட நடந்தாரு, ரெண்டு நாள். அவருக்கு முட்டி வலி. மூணாம் நாள் முடியல. ‘ரெஜினா டீச்சர் தெனம் நடக்கறாங்களே, அவங்களோட போ, கம்பவுண்டுக்குள்ளதானே’ன்னு அனுப்பி வெச்சதே அவருதானுங்க. இத யாரும் சொல்ல மாட்டாங்க.

ரெஜினாக்கா பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. வூட்டுக்காரரு தவறிட்டாரு. தனியா இருக்கறாங்க. கேட்டா ‘நிம்மதியா இருக்கறேன்’ம்பாங்க. பாவம், வேற என்ன சொல்லிக்குவாங்க? அவங்களோட பி பிளாக் நபீசாவும் வருவா. சின்னப் புள்ள, கலகலன்னு பேசுவா. மூணு பேரும் விடிகாலைல கெளம்புவோம். கொஞ்ச நாள் நடந்தோம். ஒருநா ரெஜினாக்கா, ‘அந்த டிரான்ஸ்பார்மர் வரைக்கும் ஓடலாம் வாங்க’ன்னாங்க. நான் கெக்கெக்கேன்னு சிரிச்சுட்டேன். இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டா? ஆனா ஓடுனேன். நெஞ்சுக்கூடு வெடிச்சுரும்போல இருந்துச்சு. மறுநா அதத் தாண்டி ஓடுனேன். அப்பறம் ஒரு ரவுண்டு, ரெண்டு ரவுண்டு, அப்படியே ஏறிருச்சு.

ஓடறப்ப எனக்கு வூட்டு நெனப்பே வராதுங்க. அது ஒண்ணுதான் மனசுக்கு உறுத்தும். அவரு பால்கனில நின்னு பாத்துட்டே இருப்பாரு. நான் மரத்து மறைவுல போயிட்டு வர்றதுக்குக் கொஞ்சம் நேரமானா போன் வந்துரும். போனத் தூக்கிட்டு ஓடச் செரமமா இருக்குதுன்னு சொன்னதுக்கு, தோள்ல கட்டிக்க ஒரு பட்டை வாங்கிக் குடுத்தாரு. அப்படி ஒரு அக்கறை.

வருசமொண்ணு போச்சு. டவுன்ல பெரிய மாரத்தான் நடக்குது, மூணு பேரும் பேரு குடுக்கலாம்னு ரெஜினாக்கா ஆரம்பிச்சாங்க. இவருகிட்ட நயமாக் கேட்டேன். ‘ஆயிரக்கணக்குல ஆம்பளைங்க ஓடுவாங்க சாரதா. கூட்டத்துல உன்னைய எங்கீன்னு தேடுவேன்?’ன்னாரு. கோவமாச் சொல்லலீங்க. பயந்து சொன்னாரு. நான் ரெஜினாக்காகிட்ட வேண்டாங்கக்கான்னுட்டேன். அவங்க ஒரு நிமிசம் என்ற மூஞ்சியவே பாத்தாங்க. ‘செரி, நாமளே ஒரு மாரத்தான் ஓடலாம். இங்கயே, கம்பவுண்டுக்குள்ளயே. நாப்பத்திரண்டு கிலோமீட்டர எங்க ஓடுனாலும் நாப்பத்திரண்டுதான்’ன்னாங்க. ‘அதுக்கு மேல நூத்தித் தொண்ணூத்தஞ்சு மீட்டர் இருக்குது, அதயும் விடக்கூடாது’ன்னாங்க. டீச்சர் புத்தி.

இதக் கேட்டதும் இவருக்கு வந்த சந்தோசத்தப் பாக்கணுமே! அன்னைலிருந்து எல்லாம் அவருதான். காலைல நான் என்ன திங்கணும், எவ்வளவு தண்ணி குடிக்கணும், எப்பப் படுக்கணும்னு அவரே பாத்துக்கிட்டாரு. நாங்க மூணு பேரும் சும்மா ஓடிப் பாக்கலாம்னுதான் இருந்தோம். இவரு அசோசியேசன்ல சொல்லி, பேனரு அடிச்சு, பந்தல் போட்டு, வாழப்பழம், எலுமிச்சந்தண்ணி, மைக்குன்னு பெரிய விசேசமாவே ஆக்கிட்டாரு. பேனர்ல என்ற போட்டா பெருசு. அவங்க ரெண்டு பேரும் சின்னதா ஓரத்துல. நபீசா சிரிச்சா. ரெஜினாக்கா சிரிக்கல.

அந்த ஞாயித்துக்கெழமை விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சோம். நல்லாத்தான் ஓடுனமுங்க. ஆனா ஒரு வழியிலயே சுத்திச் சுத்தி வர்றது இருக்குதே, அது வேற மாதிரி. டிரான்ஸ்பார்மர், சாக்கடைத் தண்ணி சுத்தம் பண்ற தொட்டி, அந்த நாத்தம், புள்ளைங்க விளையாடற எடம், கேட்டு, பந்தல். திரும்ப டிரான்ஸ்பார்மர். பந்தலுக்கு முன்னாடி இவரு சேர் போட்டு உக்காந்து மைக்குல சொல்லுவாரு. ‘தோளத் தளர்த்து சாரதா! மூக்குல மூச்சு வுடு! வெரசாப் போகாத!’ ஒவ்வொரு சுத்துக்கும் சொல்லுவாரு. அடுக்கு அடுக்கா எல்லாப் பால்கனிலயும் சனம் நின்னு பாக்குது. கேட்டத் தாண்டறப்ப வெளிய ரோட்ல யாரோ ஒருத்தர் சைக்கிள்ல போவாரு. அடுத்த சுத்து வர்றப்ப அவரு இருக்க மாட்டாரு. எங்கியோ போயிருப்பாரு. எனக்கு எதுக்கு அந்த நெனப்பு வந்துச்சுன்னு தெரியலீங்க.

இருபத்தஞ்சு தாண்டுனதும் நபீசாவுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. உக்காந்துட்டா. ‘நீங்க போங்கக்கா, நான் கை தட்டறேன்’ன்னா. எனக்கும் தொடையெல்லாம் கல்லு மாதிரி ஆயிருச்சு. இவரு மைக்க வெச்சுட்டுக் கூடவே நாலு எட்டு நடந்து வந்து, ‘போதும் சாரதா, நிறுத்திக்கலாம், மூஞ்சி வெளுத்துப் போச்சு’ன்னாரு. ரெஜினாக்கா, ‘அவ நல்லா இருக்கறா சார்’ன்னாங்க. எப்படி இருக்கறேன்னு என்னையக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்.

முப்பத்தி நாலுல தடங்கல் வந்துச்சு. பிளாக்குக்குப் பின்னாடி தண்ணி லாரி ஒண்ணு திரும்பறேன்னு சொவத்துக்கும் மரத்துக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. முன்னாடியும் போகல, பின்னாடியும் போகல. ஆள் நுழையறதுக்குக்கூட வழியில்ல. நாங்க திரும்பிப் பந்தலுக்கு வந்தோம். வந்து நிக்கறதுக்குள்ள இவரு மைக்கப் புடிச்சுட்டாரு. ‘முப்பத்தி நாலு கிலோமீட்டர்! நம்ம குடியிருப்புல முதல் சாதனை! இதோட வெற்றிகரமா முடிச்சுக்கறோம்!’ எல்லாரும் கை தட்டறாங்க. அசோசியேசன் தலைவரு பொன்னாடை போத்தறாரு. போட்டா எடுக்கறாங்க. இவரு பக்கத்துல நின்னு என்ற கையப் புடிச்சுட்டாரு. நான் இன்னும் நின்ன எடத்துலயே காலத் தூக்கித் தூக்கி வெச்சுட்டிருக்கறேன், நிறுத்துனாப் புடிச்சுக்குமேன்னு.

ரெஜினாக்கா அவங்க மேல போத்துன பொன்னாடைய எடுத்துச் சேர் மேல போட்டாங்க. திரும்புனாங்க. கேட்டுக்கு வெளிய ஓடிட்டாங்க.

சத்தியமாச் சொல்றனுங்க, நான் யோசிக்கல. யோசிச்சிருந்தாப் போயிருக்க மாட்டேன். காலு தன்னால போச்சு. அவரு புடிச்சிருந்த கைய எப்படி உருவுனேன்னுகூடத் தெரியல. செக்யூரிட்டி சல்யூட் அடிச்சது தெரியுது. அப்பறம் மெயின் ரோடு.

ரோடுன்னா ரோடு. பஸ்சு, லாரி, புகை. பேக்கரில டீ குடிச்சிட்டிருந்தவங்க கிளாஸக் கைல வெச்சுட்டே பாக்கறாங்க. பொன்னாடையோட ஒரு பொம்பள ஓடுனா பாக்காம என்ன பண்ணுவாங்க? கொஞ்ச தூரம் போறதுக்குள்ள பின்னாடி ஆரன் சத்தம். இவரு ஸ்கூட்டர எடுத்துட்டு வந்துட்டாரு. என்ற பக்கத்துலயே மெதுவா ஓட்டிட்டு வர்றாரு.

‘ஏறு சாரதா.’

‘வர்றனுங்க.’

‘ஏறிக்க. எல்லாரும் பாக்கறாங்க.’

‘இன்னும் கொஞ்சந்தானுங்க.’

‘காலு போயிரும். அப்பறம் யாரு பாப்பாங்க? ஏறு அம்மிணி. ஏறிக்க.’

வழி பூரா இதேதானுங்க. சிக்னல்ல நாங்க நின்னா அவரும் நின்னாரு. பொன்னாடை நழுவி ரோட்ல விழுந்துச்சு. வண்டிய நிறுத்தி, எடுத்துத் தூசி தட்டி, மடிச்சு, சீட்டுக்குக் கீழ வெச்சுட்டுத் திரும்பவும் வந்தாரு. தண்ணி பாட்டில நீட்டுனாரு, குடிச்சேன். ஒரு வார்த்த திட்டல. எந்தப் புருசன் இப்படி வருவான்? ரெஜினாக்கா மட்டும் நேராப் பாத்துட்டே, ‘மூச்சப் பேச்சுல விடாத சாரதா’ன்னாங்க. அவருக்கு நான் பதில் சொல்லக்கூடாதாம்.

அப்படியே குளத்துக்கிட்ட வந்துட்டோம். குளத்துக்கரை மேல வண்டி போகக்கூடாதுன்னு இரும்புக் குழாயா நட்டு வெச்சிருக்கறாங்க. ஆள் மட்டும்தான் நுழைய முடியும். ரெஜினாக்கா நுழைஞ்சாங்க. நானும் நுழைஞ்சேன். இவரு வண்டிய நிறுத்திட்டு, ‘சாரதா! இதுக்கு மேல என்னால வர முடியாது!’ன்னு கத்துனாரு. காதுல கேட்டுச்சுங்க. திரும்பிப் பாத்தாக் கழுத்துச் சுளுக்கிக்கும்னுதான் பாக்கல.

அந்தக் கரைய எப்படி ஓடுனேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. வலி இருந்துச்சு. பாதம் எரிஞ்சுச்சு. தண்ணில நாமக்கோழிங்க மெதந்துட்டிருந்துச்சு. அதெல்லாம் பெருசில்ல. யாரும் என்னையக் கூப்பிடல. அதுதான் ஞாபகம் இருக்குது. ரெஜினாக்காகூட ஒண்ணும் பேசல. தோள்ல கட்டியிருந்த போன்ல சார்ஜ் தீந்து போயிருந்துச்சு. கொஞ்ச நேரத்துக்கு நான் ஓடறனா, நிக்கறனான்னே தெரியல. கரை முடிஞ்சுறக் கூடாதுன்னு இருந்துச்சு. நாப்பது கிலோமீட்டர் ஓடுனவ இப்படியா நெனப்பா? மூளைக்கு ரத்தம் போகலியோ என்னமோ.

ரெஜினாக்கா கைல இருந்த வாட்ச்சு கீங்குனு கத்துச்சு. ‘இன்னும் அந்தப் புங்கமரம் வரைக்கும், நூத்தித் தொண்ணூத்தஞ்சு மீட்டர்’ன்னாங்க. மரத்தத் தொட்டேன். அவ்வளவுதான். கைதட்டலில்ல, மைக்கில்ல. மரத்தடில ஒரு அம்மா சோளக்கதிரு சுட்டுட்டிருந்தாங்க. எங்களப் பாத்துட்டு, ‘எதுக்குக் கண்ணு இப்படி ஓடியாறீங்க? யாராச்சும் தொரத்தறாங்களா?’ன்னு கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சேன், சிரிச்சேன், அப்படியே அழுகையாயிருச்சு. நெம்ப நேரம் அழுதேன். கால் வலிங்க. வேற என்ன?

ரெஜினாக்கா கீழ உக்காந்து என்ற காலத் தூக்கி மடில வெச்சு நீவி விட்டாங்க. நல்லவங்கதான், இல்லைன்னு சொல்லல. அப்பறம் சொன்னாங்க. ‘இந்தப் பக்கம் எறங்குனா பஸ் ஸ்டாப்பு. நபீசாவ ஆட்டோ புடிச்சு வரச் சொல்லலாம். மூணு பேரும் எங்காச்சும் உக்காந்து இட்லி சாப்பிடலாம். மத்தியானமா வூட்டுக்குப் போலாம்.’

‘அவரு அங்க நின்னுட்டிருப்பாருக்கா.’

‘நிக்கட்டும்.’

நிக்கட்டுமாம்! நல்லாக் கேட்டுக்கோங்க. முட்டி வலியோட ஒரு மனுசன் வெயில்ல நிக்கறாரு, நிக்கட்டுமாம். தனியா இருந்து பழகுனவங்களுக்கு அது தெரியாதுங்க. நான் எந்திரிச்சுட்டேன். ‘நான் போறனுங்கக்கா’ன்னுட்டு வந்த வழியே நடந்தேன். ஓடுறப்ப அவ்வளவு சீக்கிரம் முடிஞ்ச கரை, நடக்கறப்ப முடியவே மாட்டீங்குது. ரெஜினாக்கா கூட வரல. அந்த மரத்தடிலயே உக்காந்திருந்தாங்க.

இவரு அந்த இரும்புக் குழாயப் புடிச்சுட்டு நின்னாரு. சட்டையெல்லாம் நனஞ்சு, கண்ணு செவந்து. ‘நீ திரும்பி வர மாட்டேன்னு நெனச்சேன்’ன்னாரு. ‘எங்கீங்க போவேன் நான்?’னு கேட்டேன். நெசந்தானே, எங்க போவேன்? வண்டில ஏறி உக்காந்தேன். நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனதுக்கு அப்பறந்தான் வூட்டுக்கே கூட்டிட்டு வந்தாரு.

அன்னைக்குச் சாயங்காலம் எல்லாரும் கேக்கறாங்க, என்னாச்சுன்னு. இவரு சொல்லிட்டாரு. ‘முப்பத்தி நாலு முடிச்சா. அதுக்கு மேல தலை சுத்தி எங்க போறோம்னு தெரியாம ரோட்டுக்கு ஓடிட்டா. நான் வண்டில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.’ நானும் அப்படியே இருந்துட்டேன். எல்லாரு முன்னாடியும் பொண்டாட்டி கைய உருவிட்டுப் போனான்னு இருந்தா ஒரு ஆம்பளைக்கு எப்படி இருக்கும்? தலை சுத்துச்சுன்னா யாருக்கு என்ன நஷ்டம்?

அடுத்த வாரமே டிரெட்மில் வந்துருச்சு. அந்த ரூம்ல இருக்குது, அப்பறம் காட்டறேன். நல்ல உசந்த மிசினு. இனி மழையில்ல, வெயிலில்ல, நாயில்ல. காலைல நான் அதுல ஓடறேன், அவரு பக்கத்துல சேர் போட்டுப் பேப்பர் படிக்கறாரு. வேகத்தக் கூட்டறது, கொறைக்கறது எல்லாம் அவரே பாத்துக்குவாரு. ரெஜினாக்காவும் நபீசாவும் கொஞ்ச நாள் கீழ இருந்து கூப்பிட்டுப் பாத்தாங்க. அப்பறம் கூப்பிடறதில்ல.

இதுவரைக்கும் சண்டையில்லீங்க. பொங்கல் விழாவுலதான் வந்துச்சு. கீழ மேடை போட்டு, சாதனை பண்ணுனவங்களக் கௌரவிக்கறாங்க. செக்ரட்டரி படிக்கறாரு. ‘திருமதி சாரதாமணி மோகனசுந்தரம், முப்பத்தி நாலு கிலோமீட்டர்.’ நான் எந்திரிச்சு மேடைக்குப் போறேன். ரெஜினாக்கா கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, பள்ளிக்கூட மைதானத்துல கத்தற மாதிரி, ‘தப்பு! நாப்பத்திரண்டு! நான் கூட ஓடுனேன். அவ முழு மாரத்தான் ஓடுனவ!’ன்னாங்க.

முன் வரிசைல இவரு. தலையக் குனிஞ்சு உக்காந்திருக்காரு. காது மடலெல்லாம் செவந்து போச்சு. செக்ரட்டரி மைக்க என்ற கைல குடுத்துட்டாரு. ‘நீங்களே சொல்லிருங்கம்மா. எத்தன?’

ரெஜினாக்கா என்னையப் பாத்து இப்படித் தலைய ஆட்டுனாங்க, சொல்லு, சொல்லுன்னு. நபீசா கைல அவ கொழந்தைய வெச்சுட்டுத் தரையப் பாத்துட்டு நிக்கறா. நான் மைக்குல தெளிவாச் சொன்னேன். ‘முப்பத்தி நாலுதானுங்க. அதுக்கு மேல எனக்கு ஞாபகமில்ல.’

எல்லாரும் கை தட்டுனாங்க. இவரு தலைய நிமித்திப் பாத்தாரு. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? இத்தன வருசம் என்னையக் கண்ணுல வெச்சுப் பாத்துக்கிட்ட மனுசன அத்தன பேரு முன்னாடி பொய்யன் ஆக்கச் சொல்றீங்களா? ரெஜினாக்காவுக்கு அது புரியல. அதுல இருந்து எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தையில்ல.

சரி, அதோட போச்சுன்னு விட்டிருக்கலாம். போன வாரம் குப்பை போடக் கீழ போறேன், இவரு குளிச்சிட்டிருந்தாரு. படிக்கட்டுல ரெஜினாக்கா எதுக்க வர்றாங்க. நான் ஒதுங்கி நின்னேன். அவங்களும் நின்னாங்க. கோவப்படல, ஒண்ணுமில்ல. சாதாரணமாச் சொல்றாங்க. ‘பரவால்ல சாரதா. உனக்கு முப்பத்தி நாலே இருக்கட்டும். மிச்சம் எட்ட நான் வெச்சுக்கறேன்.’ சொல்லிட்டு மேல ஏறிப் போயிட்டாங்க.

எனக்கு அது இன்னைக்கு வரைக்கும் ஆறல. ராத்திரி படுத்தாத் தூக்கம் வரல. அவங்க எப்படிங்க வெச்சுக்கறது? அவங்க ஓடுனது அவங்களோடது, யாரு வேண்டான்னா? அந்த எட்டு நான் ஓடுனது. என்ற காலு. என்ற மூச்சு. அந்தக் கரை மேல போனது நான். நான் வேணும்னா வெச்சுக்கறேன், வேண்டாம்னா குளத்துல போடறேன். அத எடுத்துக்க அவங்க யாரு? அது என்னுதுங்க. என்னுது. நீங்களே சொல்லுங்க, இதுல தப்பு யாரு மேல?

லிப்ட் கதவு சத்தம் கேக்குது பாருங்க. அவராத்தான் இருக்கும். கண்ணக் கிண்ணத் தொடச்சுக்கறேன், இருங்க. வந்து கேட்டா, வாடகை எவ்வளவு, தண்ணி எப்படின்னு பேசிட்டிருந்தோம்னு சொல்லுங்க. தண்ணி இங்க நல்ல தண்ணிதானுங்க.